நூர்ஜகான் கொடுத்த படம்

மெஹ்ராஜ் பேகம் வீட்டை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை காலை. தை பிறந்து ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. அடுப்பில் வெந்துகொண்டிருந்த பருப்பை இறக்கி மூடி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். கோபித்துக்கொண்டு போகிறவள் பருப்பை இறக்கி வைப்பாளா என்று அவர் வீட்டுக்காரர் பஷீர் அகமது என்னிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். எனக்கென்ன தெரியும்? எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

நான் அவர்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். சொந்த ஊர் திருநாவலூர். வேலை, கள்ளக்குறிச்சிக்கு வெளியே கச்சிராயபாளையம் ரோட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட கொல்லைகளுக்கு நடுவே இருந்த டி.வி. ரிலே ஸ்டேஷனில். கேபிள் வராத காலம். ஊரில் எந்த வீட்டில் டி.வி. ஓடினாலும் எங்கள் கோபுரத்திலிருந்துதான் படம் போக வேண்டும். ஸ்டேஷன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு கோபுரம், வானத்தைப் பார்த்துக் கவிழாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய கிண்ணம், கரண்ட் போனால் இருமிக்கொண்டு கிளம்பும் ஒரு டீசல் எஞ்சின். உள்ளே இரண்டு ரிசீவர். ஒன்றில் டெல்லி வரும், இன்னொன்றில் மெட்ராஸ் வரும். சாயங்காலம் ஐந்தரைக்கு டெல்லியை விட்டு மெட்ராஸுக்குக் குமிழைத் திருப்ப வேண்டும். எட்டு நாற்பதுக்குத் திரும்ப டெல்லிக்குத் திருப்ப வேண்டும். மூன்று வருஷம் டிப்ளமா படித்துவிட்டு நான் செய்த காரியம் அதுதான்.

ஊரில் யாரும் இதை நம்பவில்லை. வெள்ளிக்கிழமை பாட்டு நன்றாக இல்லையென்றால், "இன்னா சார், இந்த வாரம் எல்லாம் பழசாப் போட்டுட்டீங்க" என்று டீக்கடையில் என்னைத்தான் கேட்பார்கள். சில நாள் நானும், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். விளக்கிச் சொல்ல அலுப்பாக இருக்கும்.

பஷீர் பாய்க்குக் கடைவீதியில் கயிற்றுக்கடை. கயிறு, சாக்கு, தார்ப்பாய், மாட்டுக்குத் தலைக்கயிறு. மூங்கில்துறைப்பட்டு மில் கரும்பு அரைக்கும் மாதங்களில் கடையில் மூச்சு விட நேரமிருக்காது. வண்டிக்காரர்களும் டிராக்டர்காரர்களும் விடிந்ததும் வந்து நின்றுகொண்டு பாரம் கட்டக் கயிறு கேட்பார்கள். பாய் கயிற்றை முழங்கையோடு சேர்த்துப் பிடித்து முழம் போட்டபடியே பேசுவார். மனைவி காணாமல் போன பிறகும் போட்டுக்கொண்டுதான் இருந்தார். என்ன செய்வார்?

மெஹ்ராஜ் அம்மாவுக்குக் காது கேட்காது. பத்து வருஷத்துக்கு முன்னால் விஷக்காய்ச்சல் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். முகத்துக்கு எதிரே நின்று மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆனால் எதிரே போய் நின்று மெதுவாகப் பேச யாருக்குப் பொறுமை? பாய் கடையிலிருந்து களைத்து வருவார். மகள் ரஜியாவுக்குத் தையல் வேலை. கையைக் காட்டினால் தண்ணீர், தட்டைக் காட்டினால் சோறு என்று அந்த வீடு பேச்சில்லாமலே நடந்துகொண்டிருந்தது. நானும் அப்படித்தான். வாடகையை நீட்டுவேன், தலையை ஆட்டுவேன், மாடியேறிவிடுவேன்.

அவருக்கு ஒரே தங்கை, நூர்ஜகான். சங்கராபுரத்தில் தனியாக இருந்தார். கணவர் குவைத்தில். குழந்தை இல்லை. அதற்கு முந்தைய ஐப்பசியில் ரஜியாவைப் பெண் பார்க்க விருத்தாசலத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் மெஹ்ராஜ் அம்மாவிடம் ஏதோ கேட்க, நூர்ஜகான் குறுக்கே வந்து, "அக்காவுக்கு ஒண்ணும் கேக்காதுங்க. அவகிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்ல. எங்கிட்ட கேளுங்க" என்றார். உதவியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த உதட்டையும் அக்கா பார்த்துவிட்டார். அன்றிலிருந்து தங்கை வந்தால் சமையலறையை விட்டு வெளியே வர மாட்டார்.

மூன்று நாள் சொந்தக்காரர் வீடு, தர்கா, ஆஸ்பத்திரி எல்லாம் தேடிவிட்டுப் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். டி.வி.யில் காணாமல் போனவர்கள் அறிவிப்பில் போடவும் வழி உண்டு, அதற்குப் படம் ஒன்று வேண்டும் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். படம்தான் இல்லை. அந்தக் குடும்பத்தில் பொம்பளைகள் படம் எடுத்துக்கொள்வது பழக்கமில்லை. கல்யாணத்துக்கும் எடுக்கவில்லை. பெட்டி, அலமாரி, பழைய பாஸ் புத்தகம் எல்லாவற்றையும் ரஜியா கொட்டிப் பார்த்தாள். பாய் படம் மூன்று இருந்தது. கடையைத் திறந்தபோது எடுத்த படத்தில் ஒரு மாடுகூட இருந்தது.

அன்று சாயங்காலம் நூர்ஜகான் கைப்பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்தார். குவைத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று கணவர் சொன்னபோது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்.

"மச்சான், இத்தக் குடுத்துடுங்க" என்றார்.

"இது நீயாச்சேம்மா."

"நானும் அக்காவும் ஒரே அச்சுன்னு ஊரே சொல்லும். ஒங்க அம்மாவே ரெண்டு தபா என்ன மெஹருன்னு கூப்ட்டாங்க. முக்காடு வேற போட்டிருக்குது. இன்னா பெருசா தெரியப் போவுது?"

"அது சின்ன வயசுல."

"இப்ப மட்டும் இன்னா, நான் மாறிட்டனா, அவ மாறிட்டாளா? படம் இல்லன்னா போட மாட்டாங்கன்றாங்க. இத வுட்டா வேற வழி இருக்குதா, சொல்லுங்க."

பாய் படத்தை என்னிடம் நீட்டினார். "தம்பி, நீங்க டி.வி. ஆளு. நீங்க சொல்லுங்க."

நான் படத்தைப் பார்த்தேன். மூக்கும் தாடையும் அக்காவுடையது போலத்தான் இருந்தது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, மெஹ்ராஜ் அம்மாவின் முகத்தை ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போலப் பார்த்ததில்லை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

"டி.வி.ல பாக்கறப்ப வித்தியாசம் தெரியாது பாய். குடுங்க" என்றேன்.

அந்தப் படம் கடலூர் போய், அங்கிருந்து மெட்ராஸ் போய்ச் சேர மூன்று வாரத்துக்கு மேலாயிற்று. இந்த வாரமோ அடுத்த வாரமோ வரும் என்று தகவல் வந்தது. பாய் வீட்டில் டி.வி. கிடையாது. "மாடில டி.வி. ஸ்டேஷனே குடியிருக்குது, அப்புறம் இன்னாத்துக்கு" என்பார். ஒன்பது நாள், சாயங்காலமானால் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு மொபெட்டில் எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார். வெளி ஆளை உள்ளே விடக்கூடாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றபடி உள்ளிருந்த மானிட்டரைப் பார்ப்பார். பொழுது சாய்ந்ததும் கொல்லை வரப்பில் ஒரு தார்ப்பாய்த் துண்டை விரித்துத் தொழுதுவிட்டு மறுபடி வந்து கம்பியைப் பிடித்துக்கொள்வார். மாசிப் பனி இறங்க ஆரம்பித்திருக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார்.

"இவ்ளோ பேரா தம்பி காணாமப் போறாங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"தினமும் வருதே பாய்."

"நான் பாத்ததே இல்ல. கடைல ஒரு டி.வி. வச்சிருந்தாலும் இத்தப் பாத்திருக்க மாட்டன். எவன் பாப்பான், சொல்லுங்க? பாட்டு எப்ப வரும்னு உக்காந்துக்கினு இருப்பான்."

ஒன்பதாம் நாள் புதன்கிழமை. அன்று ஏழு மணியிலிருந்து டெல்லி நிகழ்ச்சி ஒன்றைச் சின்ன ஸ்டேஷன்கள் எல்லாம் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மெட்ராஸில் விவசாய நிகழ்ச்சி நீண்டு, அறிவிப்பு ஆரம்பிக்கும்போதே ஏழாக ஒரு நிமிஷம். அரக்கோணத்துப் பெரியவர் ஒருவர், திருச்சியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. மணி ஏழு ஆனது. என் கை குமிழில்தான் இருந்தது. ஜன்னலில் பாயின் முகம். அவருக்கு உத்தரவும் தெரியாது, மணியும் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள் என்று அவர் கேட்டிருந்தால் ஒருவேளை டெல்லிக்குத் திருப்பியிருப்பேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது, நான்காவது படமும் போனது. ஐந்தாவதாக நூர்ஜகானின் முகம் வந்தது. "மெஹ்ராஜ் பேகம், வயது நாற்பத்தாறு, காது கேளாதவர், தென்னாற்காடு மாவட்டம் கள்ளக்குறிச்சியிலிருந்து" என்று அந்தப் பெண் குரல் நிறுத்தி நிதானமாகப் படித்தது. படம் மாறியதும் டெல்லிக்குத் திருப்பினேன். ஏழு மணி நான்கு நிமிஷம். நோட்டில் அப்படியே எழுதினேன். அதற்கு ஒரு மெமோ வந்தது, நானும் ஒரு பதில் எழுதினேன், அது வேறு கதை.

"நல்லா வுழுந்திருக்குது தம்பி" என்றார் பாய் ஜன்னலிலிருந்து. "யார் பாத்தாலும் கண்டுபுடிச்சிடுவாங்க."

கண்டுபிடித்துவிட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நான் அப்போது பாய் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். சங்கராபுரத்திலிருந்து வந்த பஸ், ஸ்டாண்டுக்குப் போகாமல் கடைக்கு எதிரிலேயே நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "பாய்! ஒங்க வூட்டம்மா கெடச்சிட்டாங்க!" என்று கத்தினார். பாய் கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ரோட்டில் ஓடினார். ஐந்தாறு பேர் சூழ இறங்கியது நூர்ஜகான். கையில் மண்ணெண்ணெய் கேன். பாய் அவரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் பஸ்ஸுக்குள் பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நான் இல்லீங்கன்னு தலபாடா அடிச்சிக்கிறன் மச்சான். எவன் கேக்கறான்? காதுக்குள்ள வாய வச்சிக் கத்தறானுங்க, பயப்படாதீங்கம்மா, பயப்படாதீங்கம்மான்னு. காது ரெண்டும் கொய்யினு இருக்குது."

கண்டக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "படத்துல இருக்கறது இவங்கதான பாய்?"

"இவங்கதான்."

"அப்புறம் காணாமப் போனது?"

"அது வேற."

"இன்னா பாய் இது" என்றார் கண்டக்டர். பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நூர்ஜகான் ஒரு நாள் இருந்து ரஜியாவுக்குச் சமைத்து வைத்துவிட்டு ஊருக்குப் போனார். சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் வீரமுத்து, பாய் கடையில் பத்து வருஷமாகக் கயிறு வாங்குகிறவர். மில்லுக்குப் போக வேண்டிய பாரத்தோடு எதிர்த்திசையில் வந்திருந்தார். பின்சக்கரத்துக்கு மேலிருந்த தகரத்தில் கம்பியைப் பிடித்தபடி நூர்ஜகான் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் புழுதி.

"பாய், ஒங்களுக்கு இன்னா கைமாறு செய்யப்போறன்னு இருந்தன். ஆண்டவனா பாத்து எங்கிட்ட காட்டிக் குடுத்தான். மில்லு ரோட்டுல நடந்து போய்க்கினு இருந்தாங்க. நானும் கூப்புடறன், திரும்பவே இல்ல. அப்புறம்தான் நெனப்பு வந்திச்சி, காது கேக்காதில்ல."

"கேட்டுச்சிங்க" என்றார் நூர்ஜகான். "எவனோ ரோட்டுல கூப்புடறான்னு நான் திரும்பல. ஒரு சாவுக்குப் போய்க்கினு இருந்தன்."

வீரமுத்து பாயைத் தனியே இழுத்து, "புத்தி கொஞ்சம் பெசகியிருக்குது போலருக்குது பாய். வர்ற வழியெல்லாம் அது நான் இல்ல, எங்க அக்கான்னு சொல்லிக்கினே வந்தாங்க. நல்ல டாக்டரா பாருங்க" என்றார். தாழ்ந்த குரலில் சொல்வதாக அவருக்கு நினைப்பு. கடைவீதிக்கே கேட்டது.

பாய்க்கு மறுத்துச் சொல்லத் தெம்பில்லை. "சரிங்க. டீ சாப்புடுங்க" என்றார்.

மில்லில் அன்று அவர் முறை தப்பிப்போயிருக்கும். பாரத்தோடு ஒரு ராத்திரி காத்துக்கிடந்திருப்பார். நல்ல மனுஷன். எல்லோருமே நல்லவர்கள்தான், அதுதான் கஷ்டம். தேடிக்கொண்டிருந்தது ஒருத்தரை, ஊர் கூடித் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது இன்னொருத்தரை. ஒவ்வொரு தடவையும் பாய் எழுந்து ஓடினார். இது அவளாக இருக்காது என்று தெரிந்தே ஓடினார்.

திங்கட்கிழமை, மறுபடி ஊருக்குப் போயிருந்த நூர்ஜகானை மூன்றாம் முறையாகக் கொண்டுவந்து விட்டவர்கள் இரண்டு பெண்கள். சங்கராபுரத்தில் பஸ் ஏற்றி, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசல் வரை வந்து விட்டுவிட்டுப் போனார்கள். இந்த முறை அவர் மறுத்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ரஜியா தண்ணீர் கொடுத்தாள். நான் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"ஏன் சின்னம்மா, சொல்லியிருக்கலாமில்ல, நான் இல்லன்னு?"

"சொல்லிப் பாத்தாச்சிடி. செவிட்டுக்கு ஒண்ணும் வெளங்கலன்னு அவங்களே பேசிக்கறாங்க. சரி, செவிடாவே இருந்துட்டுப் போறன்னு வுட்டுட்டன்." தண்ணீரைக் குடித்தார். என்னைப் பார்த்து, "ஒக்காருங்க தம்பி. ஒங்களுக்குத்தான் சொல்றன்" என்றார்.

உட்கார்ந்தேன்.

"ரெண்டு பொம்பளைங்களும் என்ன நடுவுல ஒக்கார வச்சிக்கினு எம்மேலயே பேசிக்கினு வராங்க. இதுங்க இருந்து இன்னா, செத்து இன்னான்றா ஒருத்தி. வூட்டுல தொரத்தி வுட்டிருப்பாங்க, தேடற மாரி டி.வி.ல போட்டுட்டு சும்மா இருப்பாங்கன்றா இன்னொருத்தி. ஒரு ஆளு முன் சீட்டுலருந்து திரும்பி, பாக்க நல்லாத்தான் இருக்குது, சனியன் செவிடாப் போச்சேன்றான். நான் அவன் மூஞ்சியவே பாக்கறன். சிரிக்கறான் தம்பி. கேக்காதுன்னு நெனச்சிக்கினு எங்கிட்டயே சிரிக்கறான்."

ரஜியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு நாளு செவிடியா இருந்தன். மூணே நாளு. எனக்காவது காதுல வுழுந்திச்சி, திருப்பித் திட்டலாம். அவ ஒதட்டப் பாத்துக்கினு பத்து வருஷம் இருந்திருக்கா. அந்தப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி நான் இன்னா சொன்னன்னு ஒனக்கு நெனப்பு இருக்குதாடி ரஜியா?"

"இருக்குது சின்னம்மா."

"எனக்கு மறந்தே போச்சிடி. இன்னிக்கி பஸ்ஸுல தான் நெனப்பு வந்திச்சி." வாயைப் பொத்திக்கொள்ளாமல், சத்தமாக அழுதார்.

நானும் அந்த வீட்டில் தலையாட்டியவன்தானே. எழுந்து போகக் கால் வரவில்லை. அன்று ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிஷம் தாமதம்.

நூர்ஜகான் அதற்குப்பின் சங்கராபுரம் போகவில்லை. வெளியே தலைகாட்டினால் யாராவது பிடித்துக் கொண்டுவந்துவிடுவார்கள் என்றாகிவிட்டது. அக்காவின் அடுப்பில் சமைத்தார், அக்காவின் கோழிகளுக்குத் தவிடு பிசைந்தார். பாய் கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். கயிறு அளக்கும்போது எண்ணிக்கை தப்பியது. ஒருநாள் ஒரு வண்டிக்காரர், "பாய், இருவது மொழம் கேட்டா முப்பது போட்டிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். படத்தை மறுபடி போடச் சொல்லலாமா என்று பாய் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி இருக்கும். ஜும்ஆ தொழுகைக்காகப் பாய் கடையைப் பூட்டிவிட்டு வந்து குளித்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். நான் ரஜியாவிடம் சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பின்கட்டில் நூர்ஜகான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

வாசலில் மெஹ்ராஜ் அம்மா நின்றார்.

புடவைக் கரை முழுக்க மண். கையில் ஒரு மஞ்சள் பை. பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. அந்த முகத்தை அன்றுதான் நான் சரியாகப் பார்த்தேன். படத்திலிருந்த முகமே இல்லை. கன்னம் ஒட்டி, நெற்றி ஏறி, தங்கைக்கும் அவருக்கும் மூக்கைத் தவிர ஒற்றுமை ஒன்றும் மிச்சமில்லை.

"அம்மா" என்று ரஜியா எழுந்து ஓடினாள். அவர் மகளை ஒரு கையால் விலக்கிவிட்டு நேரே பாயிடம் வந்தார்.

"நூரு கெடச்சாளா?"

காது கேளாதவர்களுக்கே உள்ள உரத்த குரல். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நூரு, நூரு. டி.வி.ல போட்டாங்களே. கெடச்சாளா இல்லியா? இன்னா முழிக்கறீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க, நான் பாத்துக்கறன்."

பாய் பொத்தானை விட்டுவிட்டு அவர் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கினார்.

"மலைலருந்து கடுக்கா விக்கக் கொண்டாருவாளே ரங்கம்மா, அவ வூட்டுக்குத்தான் போனன். மலைக்கி. நாலு நாளு இருந்துட்டு வரலாம்னு போனன், வர மனசு இல்ல. அங்க எல்லாம் கையால பேசறாங்க, எம்மூஞ்சப் பாத்துப் பேசறாங்க. வூட்டுல சொல்லிட்டன்னு அவகிட்ட பொய்யி சொல்லிட்டன். போன வாரம் புதங்கெழம சாய்ங்காலம், ஊரு டி.வி.யப் பாத்துக்கற வேடியப்பன் பஞ்சாயத்து ரூமத் தொறந்தாரு. எல்லாத்தோடயும் ஒக்காந்துக்கினு இருக்கறன். பாத்தா நூரு மூஞ்சி. நெஞ்சு அப்பிடியே நின்னு போச்சி."

மலை மேல் எங்கள் சிக்னல் ஊருக்குள் விழுவதைவிட நன்றாக விழும். நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லை. பெயரைச் சொன்னது அந்த அறையில் அவரைத் தவிர எல்லோருக்கும் கேட்டிருக்கும். ஆனால் படத்தில் இருந்தது வேறு முகம், அங்கே அவர் எல்லோருக்கும் பாயம்மா. மெஹ்ராஜ் பேகம் யாரென்று எவருக்குத் தெரியும்?

"விடிஞ்சி மொத பஸ்ஸுக்கு எறங்கிட்டன். சங்கராபுரம் போனா வூடு பூட்டு. இங்க வந்து ஒங்க மூஞ்சில முழிக்க வெக்கம். சரி, நாமளே தேடுவோம்னுட்டுப் போனன். எட்டு நாளா தேடறன். உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு, மில்லு வாசலு, ஆஸ்பத்திரி, தர்கா. ஒங்க ஊருக்குக்கூடப் போனன் தம்பி, கோயிலு வாசல்ல ஒக்காந்திருந்தவங்களயெல்லாம் பாத்தன். யாரையும் கேக்க முடியல. கேட்டா அவங்க சொல்றது எனக்குப் புரியணுமே. கைல படங்கூட இல்ல, காட்டறதுக்கு."

படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் அந்த எட்டு நாளில் அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்திருப்பார்கள்.

பின்கட்டுக் கதவில் நூர்ஜகான் வந்து நின்றார். கையெல்லாம் மீன் செதில். மெஹ்ராஜ் அம்மா திரும்பினார். பிறகு போய்த் தங்கையின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். இன்னொன்று வைத்தார். அப்புறம் இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடி போன? எங்கடி போய்த் தொலைஞ்ச?"

நூர்ஜகான் தலையைத் தலையை ஆட்டினார். மெஹ்ராஜ் அம்மா பாயின் பக்கம் திரும்பினார்.

"கெடச்சிட்டா. நல்லது. ஒண்ணு கேக்கறன் ஒங்கள. இவ காணாமப் போனா படம் குடுத்து டி.வி.ல போடறீங்க. நான் போயி நாப்பது நாளுக்கு மேல ஆவுது. தெனம் அந்த ரூமுல போயி ஒக்காந்திருந்தன். எனக்கு இன்னா போட்டீங்க?"

நூர்ஜகான் அக்காவின் தாடையைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார். மீன் கை என்பதையும் மறந்துவிட்டார். ஒவ்வொரு வார்த்தையாக, உதட்டை அகலத் திறந்து சொன்னார்.

"அது ஒனக்குப் போட்டதுதாங்க்கா. பேரு ஒன் பேரு. மூஞ்சிதான் என்னுது. காணாமப் போனது நீதான். நான் இங்கதான் இருக்கறன்."

மெஹ்ராஜ் அம்மாவுக்கு அது புரிய நேரமாயிற்று. திரும்பச் சொல்லச் சொன்னார். நூர்ஜகான் திரும்பச் சொன்னார்.

"ஏன், எம் படம் இன்னா ஆச்சி?"

"இல்லியேக்கா."

"ஒண்ணுகூடவா?"

நூர்ஜகான் பாயைப் பார்த்தார். பாய் இல்லை என்று தலையசைத்தார். அதற்குப் பிறகு அவர் நிமிரவில்லை. சட்டைப் பொத்தான் பாதி போட்டபடி இருந்தது.

மெஹ்ராஜ் அம்மா கீழே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். வீங்கிய பாதத்தைக் கையால் தேய்த்துவிட்டுக்கொண்டார். ரஜியா வெந்நீர் கொண்டுவர ஓடினாள்.

"நல்லதாப் போச்சி" என்றார். "எம் படத்தப் போட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டன். நூரு மூஞ்சின்றதாலதான் மலைய வுட்டு எறங்கனன்."

உரக்கத்தான் சொன்னார். அவருக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.